மைசெலுக்குள் ரேடிக்கல் ஜோடி: ஒவ்வொரு ஈ.எஸ்.ஆர் கோடும் பாதி கீழே, பாதி மேலே இருப்பது ஏன்?

கொண்டலாம்பட்டி_கெமிஸ்ட்

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம் படிக்கிறேன். மைசெலுக்குள் பிறந்து சட்டென்று மறையும் ரேடிக்கல் ஜோடிகளை ஈ.எஸ்.ஆரில் பார்ப்பது பற்றி அடுத்த மாதம் செமினார் எடுக்கவேண்டும். தலைப்பை நான் கேட்டு வாங்கவில்லை, சீட்டுக் குலுக்கலில் வந்தது. புதியவர்களுக்கு: மைசெல் என்பது சோப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் சேர்ந்து உண்டாக்கும் நுண்ணிய உருண்டை, ரேடிக்கல் என்பது ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு, ஈ.எஸ்.ஆர் என்பது அந்த எலக்ட்ரானின் ஸ்பின்னைக் காந்தப்புலத்தில் மைக்ரோவேவ் கொண்டு பார்க்கும் முறை.

பென்சோஃபீனோன் என்ற கீட்டோனை எஸ்.டி.எஸ் (சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்ற சோப்பு வகை) கரைசலில் கரைத்து, லேசர் துடிப்பு கொடுத்து, ஒரு மைக்ரோ செகண்ட் கழித்து எடுத்த ஸ்பெக்ட்ரம் ஒன்று கையில் இருக்கிறது. வகுப்பில் நாங்கள் பார்த்த ஈ.எஸ்.ஆர் படங்கள் எல்லாமே முதல் டெரிவேட்டிவ்தான், அதாவது உறிஞ்சும் வளைவின் சரிவு, கோடு ஒரு பக்கம் ஏறி, நடுவில் பூஜ்யத்தைக் கடந்து, மறுபக்கம் இறங்கும். இந்தப் படத்திலும் ஒவ்வொரு கோடும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. முதலில் கீழே போகிறது, அப்புறம் மேலே வருகிறது. ஆனால் செய்முறைப் பகுதியில் ஃபீல்டு மாடுலேஷன் (காந்தப்புலத்தைச் சீராக ஆட்டி, டெரிவேட்டிவ் வடிவில் சிக்னல் எடுப்பது) பயன்படுத்தவில்லை என்று பளிச்சென்று எழுதியிருக்கிறார்கள். மாடுலேஷன் இல்லாமல் டெரிவேட்டிவ் எங்கிருந்து வரும்? இல்லை, இது டெரிவேட்டிவே இல்லையா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். எதற்கு மைசெல்? ஐசோப்ரொபனாலில் பென்சோஃபீனோனைப் போட்டாலும் கீட்டைல் ரேடிக்கல் (கீட்டோன் ஒரு ஹைட்ரஜனை வாங்கி ஆவது) வரத்தானே செய்கிறது. பிசிக்ஸ் படிக்கும் அறைத்தோழன் வேறு, "காந்தம் கொடுக்கும் ஆற்றல் அறை வெப்பத்தின் ஆற்றலுக்குப் பக்கத்திலேயே வராது, அது எப்படி ஒரு வினையை மாற்றும், கதை விடாதே" என்கிறான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

முடிந்தால் இதில் ஏதாவது ஒரு பகுதியையாவது நம் ஊரிலேயே செய்து பார்க்க வழி இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

குவார்ட்ஸ்_தட்டு

கடைசிக் கேள்வியை ஏற்காட்டு அண்ணன் வந்து பார்த்துக்கொள்வார், நான் முதல் கேள்விக்கு வருகிறேன். இந்த வகை ஈ.எஸ்.ஆர் கருவியில் சில வருடங்கள் குப்பை கொட்டியவன் என்கிற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அது டெரிவேட்டிவ் இல்லை. சாதாரண ஈ.எஸ்.ஆரில் 100 கிலோஹெர்ட்ஸ் மாடுலேஷன் போடுவார்கள், அதன் ஒரு சுற்றுக்கே 10 மைக்ரோ செகண்ட் ஆகும். உங்கள் ஜோடியின் கதை பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். அதனால்தான் மாடுலேஷனைத் தூக்கிவிட்டு, டிடெக்டரில் வருவதை நேராக வேகமான டிஜிட்டைசரில் பதிவு செய்கிறார்கள். லேசர் அடிக்க அடிக்க ஒரே காந்தப்புலத்தில் சராசரி எடுத்து, புலத்தைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அடித்து, இப்படியே ஒரு ஸ்பெக்ட்ரம் சேர்கிறது. ஆகவே மேலே போனால் அது உண்மையான அப்சார்ப்ஷன், கீழே போனால் உண்மையான எமிஷன், அதாவது மாதிரியே மைக்ரோவேவை வெளியே தள்ளுகிறது. உங்கள் படத்தில் ஒவ்வொரு கோடும் உண்மையில் இரண்டு கோடுகள், ஒன்று எமிஷன், ஒன்று அப்சார்ப்ஷன், ஒட்டி ஒட்டி நிற்கின்றன.

ஏன் இரண்டு என்று பார்ப்போம். பென்சோஃபீனோன் ஒளியை வாங்கியதும் மிக வேகமாக ட்ரிப்லெட் நிலைக்கு, அதாவது இரண்டு எலக்ட்ரான் ஸ்பின்கள் இணையாக நிற்கும் நிலைக்கு, போய்விடும் (எதிரெதிராக ஜோடி சேர்ந்தால் அது சிங்லெட்). அந்த ட்ரிப்லெட், மைசெலின் வால்பகுதியில் இருக்கும் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். இப்போது ஒரு கீட்டைல் ரேடிக்கல், ஒரு ஆல்கைல் ரேடிக்கல், இரண்டும் ஒரே மைசெலுக்குள். தாய் ட்ரிப்லெட் என்பதால் ஜோடியும் ட்ரிப்லெட்டாகவே பிறக்கிறது. வலுவான காந்தப்புலத்தில் அந்த ஜோடிக்கு நான்கு ஆற்றல் நிலைகள்: உச்சியில் டி-பிளஸ், அடியில் டி-மைனஸ், நடுவில் டி-ஜீரோவும் சிங்லெட்டும் கலந்த இரண்டு நிலைகள். மூன்று ட்ரிப்லெட் நிலைகளுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். டி-ஜீரோவின் பங்கை நடுவிலுள்ள இரண்டும் பிரித்துக்கொள்கின்றன, தலைக்கு ஆறில் ஒன்று. அப்படியானால் உச்சியில் இருப்பது நடுவில் இருப்பதைவிட அதிகம், அந்தத் தாவல் எமிஷன். அடியில் இருப்பதும் நடுவில் இருப்பதைவிட அதிகம், அந்தத் தாவல் அப்சார்ப்ஷன். மொத்தம் நான்கு தாவல்கள், ரேடிக்கல் ஒன்றுக்கு இரண்டு, அந்த இரண்டில் ஒன்று எமிஷன், மற்றது அப்சார்ப்ஷன். இவ்வளவுதான் விஷயம்.

இரண்டு ரேடிக்கல்களுக்கும் இடையே எக்ஸ்சேஞ்ச் ஊடாட்டம், அதாவது ஜே, பூஜ்யமாக இருந்தால் இந்த எமிஷனும் அப்சார்ப்ஷனும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அடித்துப்போய்விடும், ஒன்றுமே தெரியாது. ஜே கொஞ்சம் இருப்பதால் அவை 2ஜே அளவுக்கு விலகி நிற்கின்றன. ஜே நெகட்டிவ், தாய் ட்ரிப்லெட் என்றால் புலம் குறைந்த பக்கம் எமிஷன், கூடிய பக்கம் அப்சார்ப்ஷன். நீங்கள் சொன்ன அதே "கீழே போய் மேலே வருவது".

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், செமினாரிலும் யாராவது கேட்பார்கள். 2ஜே கோட்டின் அகலத்தைவிடச் சிறியதாக இருந்தால், எதிரெதிர் குறியுள்ள இரண்டு கோடுகளின் கூட்டுத்தொகை கணக்குப்படியே முதல் டெரிவேட்டிவ் வடிவத்துக்கு வந்துவிடும். ஒரு வளைவிலிருந்து, அதையே துளி நகர்த்திக் கழித்தால் என்ன வரும்? அதேதான். எனவே உங்கள் கண் ஏமாறவில்லை, வடிவம் டெரிவேட்டிவ் மாதிரிதான், காரணம் வேறு. இதன் பின்விளைவு ஒன்று உண்டு. கீழ் உச்சிக்கும் மேல் உச்சிக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்து "இதுதான் 2ஜே" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த இடைவெளி பெரும்பாலும் கோட்டின் அகலத்தைத்தான் சொல்கிறது. ஜே வேண்டுமென்றால் முழு ஸ்பெக்ட்ரத்தையும் சிமுலேஷன் செய்து பொருத்திப் பார்க்கவேண்டும்.

எதற்கு மைசெல் என்பதற்கும் இதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. ஐசோப்ரொபனாலில் பிறக்கும் ஜோடி நானோ செகண்டுகளில் ஆளுக்கொரு பக்கம் போய்விடும், நீங்கள் பார்ப்பது பிரிந்துபோன தனித்தனி ரேடிக்கல்களை. எஸ்.டி.எஸ் மைசெலின் எண்ணெய்ப் பகுதியின் ஆரம் சுமார் 1.7 நானோமீட்டர், அதற்குள் இரண்டும் மறுபடி மறுபடி மோதிக்கொண்டு நூற்றுக்கணக்கான நானோ செகண்டுகள், சில சமயம் மைக்ரோ செகண்டுகள் வரை, ஜோடியாகவே இருக்கின்றன. கூட இருந்தால்தான் ஒன்றின் ஸ்பின் மற்றதற்குத் தெரியும், அப்போதுதான் நான்கு நிலைகள் என்ற பேச்சே எடுபடும்.

வரலாறு ஒரு வரியில் வேண்டுமென்றால்: 1984-ல் சகாகுச்சி, ஹயாஷி, முராய், இஹாயா ஆகியோர் மைசெலில் கார்பனைல் சேர்மங்களை வைத்து இந்த விசித்திர வடிவத்தை வெளியிட்டார்கள். 1987-ல் குளோஸ், ஃபோர்ப்ஸ், நாரிஸ் ஒரு பக்கமும், பக்லி, ஹன்டர், ஹோர், மெக்லாக்லன் இன்னொரு பக்கமும் மேலே நான் சொன்ன விளக்கத்தைக் கொடுத்தார்கள்.

உங்கள் படத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு குறுக்குவழி. மொத்த ஸ்பெக்ட்ரமும் ஒரே குறி என்றால் அது ட்ரிப்லெட் மெக்கானிசம் (தாய் ட்ரிப்லெட்டிலேயே உண்டான ஏற்றத்தாழ்வு ரேடிக்கலுக்கு வருவது). இடது பாதி ஒரு குறி, வலது பாதி எதிர்க்குறி என்றால் பழைய ரேடிக்கல் ஜோடி மெக்கானிசம் (பிரிந்துபோன ரேடிக்கல்களில் மிஞ்சும் ஏற்றத்தாழ்வு). ஒவ்வொரு கோட்டுக்குள்ளேயே இரண்டு குறியும் இருந்தால்தான் உங்கள் தலைப்பு. நடுவில் நெருக்கமாகக் கசகசவென்று இருப்பது கீட்டைல், அதன் இரண்டு பக்கமும் சுமார் 2 மில்லிடெஸ்லாவுக்கும் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் பரந்து நிற்பவை ஆல்கைல் ரேடிக்கலின் கோடுகள். ஆல்கைல் கோடுகளைக் காட்டிப் பேசுங்கள், அங்கேதான் வடிவம் சுத்தமாகத் தெரியும்.

அஸ்தம்பட்டி_வாத்தியார்

குவார்ட்ஸ் சார் சொன்னதற்குமேல் எனக்கு வேலை இல்லை. அந்த அறைத்தோழன் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் அவன் கேட்டது நல்ல கேள்வி, அவனை விரட்டவேண்டாம்.

கணக்கைப் போடுவோம். 0.34 டெஸ்லாவில் ஒரு எலக்ட்ரான் ஸ்பின் புரள்வதற்கான ஆற்றல், சுமார் 9.5 கிகாஹெர்ட்ஸுக்குரியது, 6.3 × 10⁻²⁴ ஜூல். அறை வெப்பத்தில் வெப்ப ஆற்றல் (kT) 4.1 × 10⁻²¹ ஜூல். கிட்டத்தட்ட 650-ல் ஒரு பங்கு. பையன் சொன்னது சரி, காந்தப்புலம் எந்தப் பிணைப்பையும் உடைக்காது, எந்த ஆற்றல் தடையையும் கண்ணுக்குத் தெரியும்படி குறைக்காது. ஆனால் இங்கே போட்டி ஆற்றலுக்கு இல்லை, நேரத்துக்கு. ட்ரிப்லெட்டாகப் பிறந்த ஜோடி சேர்ந்து பிணைப்பு உண்டாக்க முடியாது, முதலில் சிங்லெட்டாக மாறவேண்டும். மாறுவதற்குள் ஒன்று மைசெலைவிட்டு வெளியே போய்விட்டால் ஜோடி முறிந்தது. இரண்டு வழிகள், எது முந்துகிறது என்பதுதான் கேள்வி.

மாற்றத்தைச் செய்வது அணுக்கருக்களின் சின்னக் காந்தம், ஹைப்பர்ஃபைன். புலம் இல்லாதபோது மூன்று ட்ரிப்லெட் நிலைகளுக்கும் சிங்லெட்டுக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே, அதனால் மூன்றிலிருந்தும் சிங்லெட்டுக்கு வழி திறந்திருக்கிறது. வெளியிலிருந்து புலம் கொடுத்ததும் டி-பிளஸ் மேலே, டி-மைனஸ் கீழே போய்விடுகின்றன, டி-ஜீரோ ஒன்றுக்கு மட்டும் வழி மிச்சம். மூன்றில் இரண்டு பங்கு ஜோடிகள் ஸ்பின் தளர்ச்சிக்காக, அதாவது ஸ்பின் தானே மெல்லச் சமநிலைக்குத் திரும்புவதற்காக, காத்திருக்கவேண்டும், அதற்குள் பல தப்பிவிடும். ஆகவே காந்தம் வைத்தால் ஜோடிக்குள்ளேயே சேர்வது குறைகிறது, வெளியேறுவது கூடுகிறது. ஹைப்பர்ஃபைன் சில மில்லிடெஸ்லா அளவுதான், அதனால் சில பத்து மில்லிடெஸ்லாவிலேயே விளைவின் பெரும்பகுதி வந்துவிடும். வெப்பத்தின் ஆற்றல் பெரியதுதான், ஆனால் அது ஸ்பின்னோடு வேகமாகப் பேசுவதில்லை. மைக்ரோ செகண்ட் அளவு நேரம் ஸ்பின் தன் நினைவோடு இருக்கிறது, அது போதும்.

இன்னும் சந்தேகம் என்றால் பையனிடம் ஐசோடோப்பைக் காட்டுங்கள். கார்பன்-12 அணுக்கருவுக்குக் காந்தத்தன்மை கிடையாது, 1.1 சதவீதமே இருக்கும் கார்பன்-13-க்கு உண்டு. டுரோவும் க்ராய்ட்லரும் 1978-ல் டைபென்சைல் கீட்டோனைச் சோப்பு மைசெலில் வைத்து ஒளி பாய்ச்சியபோது, கார்பன்-13 இருந்த ஜோடிகள் சீக்கிரம் சிங்லெட்டாகி மறுபடி கீட்டோனாகவே திரும்பின, மிஞ்சிய கீட்டோனில் கார்பன்-13 செறிந்தது. எடை வித்தியாசத்தை மட்டும் வைத்து அவ்வளவு பிரிப்பை விளக்கவே முடியாது. ஆற்றல் வாதம் செய்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் சொன்னதும் யாராவது "அப்போ காந்தப் படுக்கை, காந்தத் தண்ணீர் எல்லாம் உண்மைதானே சார்" என்று எழுந்திருப்பார்கள். எனக்கு ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. ரேடிக்கல் ஜோடி இருக்கவேண்டும், அது போதுமான நேரம் கூட இருக்கவேண்டும், ஸ்பின் மாறும் வேகம் பிரியும் வேகத்தோடு போட்டி போடும் அளவில் இருக்கவேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் காந்தம் வெறும் இரும்புத்துண்டுதான் என்று சொல்லி உட்கார வையுங்கள்.

கஞ்சமலை_ஓரம்

நான் கெமிஸ்ட்ரி ஆள் இல்லை, மெக்கானிக்கல். படித்துக்கொண்டே வந்தேன், ரெண்டு கேள்வி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்பது முழுக்க மாக்னடைட் கலந்த பாறை, சின்ன வயதில் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்ணில் இழுத்தால் கறுப்புப் பொடி ஒட்டும். இப்படிப்பட்ட இடத்தில் இந்தச் சோதனை வேறு மாதிரி வருமா?

அப்புறம் ஐசோடோப் என்றதும் ஞாபகம் வந்தது. நம் மாக்னசைட் சுரங்கத்து மக்னீசியத்திலும் காந்த ஐசோடோப் இருப்பதாகவும், உடம்பில் ஏ.டி.பி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) உற்பத்தியை அது கூட்டுவதாகவும் ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. உண்மையா?

குவார்ட்ஸ்_தட்டு

கஞ்சமலைக்கு: பூமியின் புலம் நம் பக்கம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. பாறை அதைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். ஈ.எஸ்.ஆர் காந்தத்தின் புலம் 340 மில்லிடெஸ்லா, அதாவது பூமியுடையதைப்போல எட்டாயிரம் மடங்குக்கும் மேல். மலை அடிவாரத்தில் வைத்தாலும் கருவி கண்டுகொள்ளாது, அதைவிட வாசலில் லாரி போவதுதான் தொந்தரவு. பறவைகள் திசை அறிய ரேடிக்கல் ஜோடி உதவலாம் என்று ஷுல்டன் 1978-ல் சொன்னதிலிருந்து பூமியின் புலத்துக்கே பதில் சொல்லும் ஜோடிகளைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி நடக்கிறது, அது தனிக்கதை, இந்த இழையில் வேண்டாம்.

மக்னீசியம்: காந்தத்தன்மையுள்ள மக்னீசியம்-25 இயற்கையிலேயே சுமார் 10 சதவீதம் இருக்கிறது, சேலமானாலும் வேறு எங்கேயானாலும் அதே பங்குதான். அது ஏ.டி.பி உற்பத்தியைப் பெருமளவு கூட்டுகிறது என்று ரஷ்யாவில் புச்சாசென்கோ குழு எழுதியது உண்மை. அவர் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர், காந்த ஐசோடோப் விளைவை முதலில் காட்டியவர்களில் ஒருவர், அதனால் எல்லோரும் காது கொடுத்தார்கள். ஆனால் 2012-ல் அயர்லாந்து, பிரிட்டன் ஆய்வாளர்கள் சேர்ந்த வேறொரு குழு கிரியேட்டின் கைனேஸ் என்சைமில் அதைக் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது ஐசோடோப்பாலும் வித்தியாசம் இல்லை, காந்தப்புலத்தாலும் இல்லை. வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும்தான் சுற்றும்.

ஏற்காட்டு_எஸ்டேட்

கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். குவார்ட்ஸ் மாதிரி லேசர் ஆளில்லை நான், வேலையிலிருந்து ஓய்வு பெற்று மலையேறி வந்தபின் பின்கட்டில் சின்னதாக ஒரு வேலைமேஜை போட்டு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கெமிஸ்ட் தம்பி, ஜோடியின் ஸ்பெக்ட்ரத்தை நீங்கள் சேலத்தில் எடுக்க முடியாது. பல்ஸ் லேசரும் வேகமான டிடெக்ஷனும் சேர்ந்த கருவி இல்லாமல் நடக்காது. சாதாரண ஈ.எஸ்.ஆர் சென்னை ஐஐடியில் இருக்கிறது, காசு கட்டி மாதிரி கொடுக்கலாம், ஆனால் அதில் இந்த ஜோடி சிக்காது என்று மேலேயே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக விளைபொருளை அளந்து காந்தத்தின் வேலையைப் பார்க்கலாம், அது கல்லூரியில் முடியும்.

டைபென்சைல் கீட்டோனில் ஒரு பக்க வளையத்தில் மட்டும் மெத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி பட்டால் உடைந்து, கார்பன் மோனாக்சைடு போய், ஏ, பி என்ற இரண்டு பென்சைல் ரேடிக்கல்கள் மிஞ்சும். சாதாரணக் கரைப்பானில் அவை கண்டபடி கலந்து ஏஏ, ஏபி, பிபி மூன்றும் 1:2:1 என்று வரும். மைசெலுக்குள் கூடப் பிறந்ததே கூட இருப்பதால் ஏபி தூக்கலாக வரும். ஏபி-யிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து, மொத்தத்தால் வகுத்தால் கூண்டு விளைவு, அதாவது மைசெலைவிட்டுப் பிரியாமலேயே சேர்ந்த ஜோடிகளின் பங்கு. இப்போது பக்கத்தில் நியோடிமியம் காந்தம் இரண்டை எதிரெதிரே வைத்து, நடுவில் குழாயை நிறுத்தி மறுபடி செய்யுங்கள். வாத்தியார் சொன்னபடி ஏபி குறையவேண்டும். 300 நானோமீட்டருக்குச் சற்று மேலே ஒளி தரும் விளக்கும் பைரெக்ஸ் குழாயும் போதும். ஆனால் டி.எல்.சி (மெல்லடுக்குக் குரோமட்டோகிராஃபி) பத்தாது, ஜி.சி (வாயுக் குரோமட்டோகிராஃபி) வேண்டும்.

கரைசல் தயாரிப்பதில்தான் பிள்ளைகள் அல்லாடுவார்கள், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எஸ்.டி.எஸ் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிமோலுக்கு மேலே போனால்தான் மைசெல் உண்டாகும், மைசெல் ஒன்றுக்கு அறுபது சொச்சம் மூலக்கூறுகள். 0.1 மோலார் எடுத்தால் மைசெல்களின் செறிவு சுமார் 1.5 மில்லிமோலார். கீட்டோனை ஒரு மில்லிமோலாருக்குள் வையுங்கள், ஒரு மைசெலுக்குள் இரண்டு மூன்று புகுந்தால் ஜோடிக் கணக்கே குழம்பும். கீட்டோன் லேசில் கரையாது, வெதுவெதுப்பாக வைத்து இரவு முழுக்கக் கலக்கவேண்டும்.

ஆக்சிஜனை வெளியேற்ற நைட்ரஜன் விடுவார்கள் இல்லையா, அங்கேதான் கூத்து. சாதாரணக் கரைசல் என்று நினைத்து ஊசியை அடிவரை இறக்கி வால்வைத் திறந்தால், நுரை வெள்ளையாகக் கழுத்துவரை எழும்பி, செப்டத்தை (குழாயின் ரப்பர் மூடியை) ஈரமாக்கி, வெளியேறும் ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக மேஜையில் ஓடும். உங்கள் கீட்டோனில் பாதி அந்த நுரையோடு போயிருக்கும். ஊசியை திரவத்துக்கு மேலே நிறுத்தி, கரைசலை மெல்லக் கலக்கிக்கொண்டே, மேற்பரப்பில் நைட்ரஜன் தடவிப் போகிற மாதிரி நீண்ட நேரம் விடுங்கள். அவசரப்பட்டால் ஆகாது.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். சேலத்து போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் போதும், டோடெசில் சல்ஃபேட்டை வெள்ளையாகத் திரித்து அடியில் உட்கார வைக்க. பொட்டாசியம் உப்பு எதையும் சேர்க்காதீர்கள், அதுவும் வீழ்படிவாகும். உப்புச் செறிவு வேண்டுமென்றால் சோடியம் குளோரைடு போடலாம், மைசெல் கொஞ்சம் பெரிதாகும்.

குளிரும் சேராது. எஸ்.டி.எஸ்ஸின் கிராஃப்ட் வெப்பநிலை (அதற்குக் கீழே போனால் மைசெலாகாமல் படிகமாகும்) 16 டிகிரி அருகில். இங்கே மார்கழி, தை மாதக் காலைகளில் அலமாரியில் இருக்கும் பாட்டிலை எடுத்தால் தெளிவாக இருந்த கரைசலுக்குள் மெல்லிய வெள்ளித் தகடுகள் மாதிரி படிகங்கள் மிதக்கும், சாய்த்தால் பளபளவென்று திரும்பும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடவேண்டாம், வெந்நீரில் நிறுத்தினால் கரைந்துவிடும். ஆனால் அந்த நிலையில் மைசெல் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அதில் சோதனை செய்யாதீர்கள். சேலத்தில் இந்தத் தொல்லை வராது, ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காமலிருந்தால் சரி.

கொண்டலாம்பட்டி_கெமிஸ்ட்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நான்கு நிலை விளக்கத்தை நோட்டில் வரைந்து பார்த்தேன், ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று எழுதியதும் எமிஷன் எங்கே, அப்சார்ப்ஷன் எங்கே என்று தானாக வந்துவிட்டது. அறைத்தோழன் ஐசோடோப் வரைக்கும் வந்து அமைதியாகிவிட்டான், ஆனால் "நேரில் காட்டு" என்கிறான்.

அதற்காகத்தான் கேட்கிறேன். காந்தம் வைத்த குழாய், வைக்காத குழாய், இரண்டையும் ஒரே விளக்கின் முன் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் போதுமா? அதே ஸ்பெக்ட்ரத்தைப் பத்து மைக்ரோ செகண்டில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் என்ன சொல்வது?

அஸ்தம்பட்டி_வாத்தியார்

முதல் கேள்விக்கு, போதாது. நியோடிமியம் காந்தம் பளபளவென்று நிக்கல் பூசியிருக்கும், ஒளியைத் திருப்பும், கொஞ்சம் மறைக்கும், விளக்கின் சூட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும். காந்தம் இல்லாத குழாய்க்கு அதே அளவு, அதே பளபளப்புள்ள, காந்தமேற்றாத உலோகத் துண்டுகளை அதே இடைவெளியில் வையுங்கள், பித்தளையில் நிக்கல் பூசி வாங்கலாம். நடுவில் ஒருமுறை இரண்டு குழாய்களின் இடத்தையும் மாற்றுங்கள். கீட்டோனில் கொஞ்சம்தான் செலவாகியிருக்கவேண்டும், முழுக்க எரியவிட்டு அளந்தால் விளைபொருள்களே ஒளியை வாங்க ஆரம்பித்துவிடும். இவ்வளவும் செய்த பிறகு வரும் வித்தியாசத்தை நான் நம்புவேன், அதற்கு முன்னால் மாட்டேன். உங்கள் கைடும் நம்பக்கூடாது.

குவார்ட்ஸ்_தட்டு

இரண்டாவதற்கு: நேரம் போகப்போக ஜோடிகளில் ஒரு பகுதி சிங்லெட்டாகி வினையில் முடிந்துவிடும், ஒரு பகுதி பிரிந்துவிடும், மிச்சத்தில் ஸ்பின் தளர்ச்சி நிலைகளைச் சமமாக்கிவிடும். அந்தப் பாதி கீழ், பாதி மேல் வடிவம் மங்கி, தப்பிப்போன ரேடிக்கல்களின் கோடுகள் மிஞ்சும், இடது பாதி எமிஷன், வலது பாதி அப்சார்ப்ஷன் என்று. பத்து மைக்ரோ செகண்டில் அதுவும் பெரும்பாலும் இரைச்சலுக்குள் போயிருக்கும். செமினாரில் ஒரே ஸ்பெக்ட்ரத்தைக் காட்டாமல், சீக்கிரம் எடுத்தது ஒன்று, தாமதித்து எடுத்தது ஒன்று, இரண்டையும் ஒரே அச்சில் மேலும் கீழுமாக வையுங்கள். டெரிவேட்டிவ் என்றால் நேரத்தோடு உயரம்தான் குறையும், இப்படிக் குறி இடம் மாறாது. உங்கள் முதல் சந்தேகத்தைக் கேட்கப்போகிற ஆளுக்கு அந்தப் படமே பதில் சொல்லிவிடும்.

ஜி.சி-யில் ஏஏ, ஏபி, பிபி மூன்று உச்சிகளும் தனித்தனியாகப் பிரிகின்றனவா என்பதைக் காந்தம் வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.